வத்து மாறுது

விடிய ஐந்தரைக்கே வேலணைக் கொட்டகையில் அடுப்புகள் எரிந்தன. தேன்மெழுகும் தேங்காயெண்ணெயும் உருகிய கிடாரத்துக்குள் றொஷானி துடுப்பைச் சுழற்ற, மரியநாயகி சுடுநீரை நூலாக ஊற்றினாள். ஆவி முகத்தை அவித்தது. போகப் போகக் கலவை களியாக இறுகித் துடுப்பைப் பிடித்து இழுத்தது; மணிக்கட்டு கழன்றுவிடும் போல நொந்தது. பிறகு, ஒரே கணத்தில், பிடி விட்டு வெள்ளையாக இளகியது.

"வத்து மாறுது!" என்று மரியநாயகி கத்தினாள். றொஷானி அடுப்பை அணைத்தாள்.

கடல் வற்றி முடிந்து பெருகத் தொடங்குவதை மீன்பிடிக்காரர் வீடுகளில் அப்படித்தான் சொல்வார்கள்; இறுகின கலவை இளகும் கணத்துக்கும் இவர்கள் அந்தப் பேரையே வைத்திருந்தார்கள். போன வருசம் கலக்கிற மிஷின் பழுதாகி, உவர்த் தண்ணீரில் முகக் கிறீம் மூன்று மாதமாகத் திரைந்துகொண்டிருந்தது. தண்ணீருக்குள் எண்ணெய் விடுவதை நிறுத்தி, எண்ணெய்க்குள் தண்ணீர் விட்டுப் பார்த்தவர்கள் கொட்டகையில் வேலை செய்யும் இந்த ஏழு பெண்கள்தான். பழுதான ஒவ்வொரு கிடாரத்துக்கும் ஏச்சு வாங்கினார்கள்.

எட்டு மணிக்கு முதலாளி கோபிசங்கர் ஒரு தாளோடு வந்தார்.

"இந்தக் கலக்கிற முறைக்குக் கொழும்பில என்ர பேரில காப்புரிமை கேட்டிருக்கிறன். இனி இதை நீங்கள் வேற இடத்திலயோ வீட்டிலயோ செய்யேலாது. கையெழுத்து வையுங்கோ. வைக்காதவை நாளைக்கு வரத் தேவையில்லை."

ஏழு பேரில் ஒருத்தியான வினோஜா தாளை வாங்கி உரக்க வாசித்தாள். "'கலவையை நீர் வற்றும் வரை சூடாக்கிக் கிளறுதல்...' வத்தும் வரையோ?"

மரியநாயகி வாய்விட்டுச் சிரித்தாள். "தண்ணி வத்தினாக் கருகல்தான் மிஞ்சும். நாங்கள் சொன்ன வத்து கடல் வத்தெல்லோ! முதலாளி, ஒருநாளாவது துடுப்பைப் பிடிச்சிருக்கிறியளோ?"

கோபிசங்கரின் முகம் கறுத்தது. றொஷானியை மட்டும் தன் கந்தோர் அறைக்குள் கூப்பிட்டார்.

"எழுதினபடி செய்தாக் கிறீம் வரேல்லையெண்டு கொழும்பில கேக்கினம். நீர் செய்முறையைச் சரியாச் சொல்லும். என்ர பேரோட உம்மட பேரையும் போடுறன். மேற்பார்வை வேலையும் தாறன்."

அரசாங்கப் பத்திரத்தில் தன் பேர். றொஷானி ஆசைப்பட்டாள். ஆசைப்பட்டது அவளுக்கே கசந்தது. கதவடியில் மரியநாயகியின் முழங்கை தெரிந்தது. முதற் கிடாரம் பொங்கியபோது வெந்து, தோல் சுருங்கிப்போன முழங்கை.

"ஏழு பேரின்ர பேரும் போடுங்கோ."

"படிவத்தில அவ்வளவு இடமில்லை."

"அப்ப இன்னொரு தாள் வைச்சுக் குத்துங்கோ."

"ஒரு கிறீமுக்குப் போய் இவ்வளவு எடுப்பும் திமிருமோ?"

"கிறீம்தானே எண்டா, ஏன் அதுக்குப் பூட்டுப் போடுறியள்?"

"வெளியில போங்கோ! எல்லாரும்!"

இரண்டாவது கிடாரம் இறுகிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் கிளறினால் போதும். வினோஜாவின் கை தன்பாட்டில் துடுப்புக்குப் போனது. மரியநாயகி அந்தக் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தாள். பின்னால் கேற் பூட்டுகிற சத்தம் கேட்டது.

யாழ்ப்பாணம் போகும் பஸ் வந்து நின்றது.

"ஏறேல்லையோ தங்கச்சி?" என்றார் கொண்டக்டர்.

"இல்லை அண்ணை. கொழும்புக்குக் கடிதம் எழுதப்போறம்," என்றாள் றொஷானி. "பேனை இருந்தாத் தாங்கோ."

அவர் சட்டைப் பையிலிருந்த பேனையை நீட்டினார். பஸ் நகர்ந்துவிட்டது. "திரும்பி வரேக்கை வாங்கிறன்!"

வினோஜா முதலாளியின் தாளைக் கொண்டுவந்திருந்தாள். அதை மதகில் கவிழ்த்து வைத்து, றொஷானி முதல் வரியை எழுதினாள்: 'நாங்கள் ஏழு பேர்.'

அடுத்தது என்ன எழுதுவதென்று எல்லோரும் ஒரே நேரத்தில் சொல்லத் தொடங்கினார்கள்.