ஆறு எழுத்தின் அக்கம்பக்கம்

"ரெண்டும் ஒரே குட்டையில ஊறின மட்டை. எதுக்கு ரெண்டு வேலை? உன்னோடதை மூடிடலாம். நீ தங்கச்சிக்கு ஒத்தாசையா இரு," என்றார் ஆய்வகத் தலைவர்.

அவர் சொன்னது இரண்டு புரதங்களைப் பற்றி. ஆனால் பார்த்தது என்னையும் தங்கையையும். பக்கத்து மேசையில் யாரோ சிரித்தார்கள். எனக்குக் காது மடல் கொதித்தது.

செல்லுக்குள் எந்த மரபணு எப்போது விழிக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் புரதங்கள் உண்டு. அவை டி.என்.ஏ.வில் தமக்குரிய இடத்தில் போய் உட்காரும். நான் ஒன்றை ஆராய்கிறேன். தங்கை அதன் உடன்பிறப்பை. இரண்டும் தேடுவது டி.என்.ஏ. வரிசையில் ஒரே ஆறு எழுத்துகளை. பிறகு எப்படி ஒன்று எலும்பையும் மற்றொன்று நரம்பையும் வளர்க்கிறது? அதற்குத்தான் வருடக்கணக்கில் கிடந்து சாகிறேன்.

முழுப் புரதம் தொல்லை கொடுக்கும், கட்டிதட்டிப் போகும். அதனால் இங்கே டி.என்.ஏ.வைப் பிடிக்கும் துண்டை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்வது வழக்கம். டி.என்.ஏ.வையும் அந்த ஆறு எழுத்தை ஒட்டி நறுக்கிவிடுவார்கள். தங்கை இரண்டு புரதங்களையும் அப்படித்தான் சோதித்தாள். ஒரே மாதிரி ஒட்டின. ஒட்டாமல் என்ன செய்யும்? கையை மட்டும் வெட்டி வைத்துக்கொண்டு அண்ணனா தம்பியா என்று கேட்டால் கை என்ன பதில் சொல்லும்?

"மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காதேக்கா," என்றாள் தங்கை, குளிரறையில். "அவர் சொன்னாரு, செஞ்சேன்."

"கிணத்துல குதின்னா?"

"நீ முன்னாடி குதிச்சிருப்பே. நீதானே மூத்தவ."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முழுப் புரதங்களை எடுத்தேன். செல்லுக்குள் அவற்றோடு ஒட்டிக்கொண்டே திரியும் கூட்டாளிப் புரதத்தையும் சேர்த்தேன். டி.என்.ஏ.வை நறுக்காமல் நீளமாக விட்டேன். ஆறு எழுத்தின் இருபுறமும் என்ன எழுத்து வருகிறதோ, அதைப் பொறுத்து டி.என்.ஏ. முறுக்கின் பள்ளம் குறுகும், அகலும். கூட்டாளி கைகோத்த பிறகுதான் என் புரதத்தின் வால் குறுகிய பள்ளத்துக்குள் நுழையும். எல்லாவற்றையும் ஜெல் என்ற கூழ்ப் பலகையில் மின்சாரம் பாய்ச்சி ஓடவிட்டேன். புரதம் ஏறிய டி.என்.ஏ. மெதுவாக நகரும், அதன் பட்டை மேலேயே நின்றுவிடும். என் புரதத்துக்கு நின்றது. தங்கையின் புரதத்துக்கு, அதே டி.என்.ஏ. சீந்துவாரில்லாமல் கீழே ஓடிப்போயிருந்தது.

அந்த ஜெல்லின் படத்தைத் தலைவர் மேசையில் வைத்தேன்.

"கூட்டாளியைச் சேர்த்தா அப்படித்தான் வரும். தனியா வச்சுப் பாரு, ரெண்டும் ஒண்ணுதான்."

"செல்லுக்குள்ள அது எப்போ சார் தனியா இருந்துச்சு?"

"குரலைத் தாழ்த்து. ரெண்டும் ஒண்ணுன்னு கட்டுரை தயாரா இருக்கு, நாளைக்கு அனுப்பறோம். முதல் பேரு உன் தங்கச்சியோடது. அவளுக்கே குழி வெட்டறியா?"

கதவருகே நின்ற தங்கைதான் பேசினாள்.

"என் பேரை எடுத்துடுங்க சார்."

"அக்காவுக்குப் பரிஞ்சுக்கிட்டு வர்றியாம்மா?"

"அவமேல எனக்கே கோபம் சார். ஆனா வெட்டினது நான். எதை வெட்டிப் போட்டேன்னு எனக்குத் தெரியும்."

தலைவர் படத்தை என் பக்கம் தள்ளினார். "அனுப்பறதை நிறுத்தி வைக்கறேன். அவளே முழுப் புரதத்தை வச்சு மறுபடி செய்யட்டும். நீ பக்கத்துல போகாதே."

வெளியே வந்ததும், "வெட்டினது தப்புன்னு முன்னாடியே சொல்லியிருக்கலாமே," என்றேன்.

"நீ எங்கே கேட்டே? கத்தத்தானே செஞ்சே."

கத்த வாயெடுத்தேன். அவள் என் முழுப் புரதம் இருந்த குழாய்க்காகக் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். கொடுத்தேன். கோபத்தை மட்டும் கொடுக்கவில்லை.