மாமனாரின் ஐந்தாவது சுற்று

மூன்று வருடமாக அந்தப் பந்தயத்தில் மாமனார் சைக்கிள் ஓட்டிவந்தார். மூன்று வருடமும் பாதியில் இறக்கிவிட்டார்கள்.

விதி எளிமையானது. காட்டுப் பாதையில் ஐந்து சுற்று. வயது வித்தியாசம் கிடையாது, எல்லோரும் ஒன்றாகக் கிளம்ப வேண்டும். முதலில் ஓட்டுகிறவன் ஒரு முழுச் சுற்று கூடுதலாகச் சுற்றி வந்து உங்களைத் தாண்டிவிட்டால் உங்கள் கதை முடிந்தது. அடுத்த முறை கோட்டுக்கு வரும்போது மஞ்சள் தொப்பி நடுவர் சிவப்புக் கொடியை நீட்டுவார். ஐந்தையும் முடித்தவர்களுக்கு ஒரு தகரப் பதக்கம் உண்டு. கடைசியாக வந்தாலும் உண்டு.

அந்தத் தகரம் அவருக்கு வேண்டும். வேறு ஆசை இல்லை.

வார நாட்களில் அவர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். ஜன்னல் இல்லாத அறை. "மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க, இப்ப விடுங்க" என்று நாள் முழுக்க அடுத்தவர் மூச்சுக்குக் காவல் இருப்பார். விடுமுறை வந்தால் மலை சைக்கிளோடு மேட்டில் ஏறித் தன் மூச்சைத் தொலைத்துவிட்டு வருவார்.

இந்த வருடம் மாப்பிள்ளையும் வந்திருந்தார். பள்ளியில் கணக்கு வாத்தியார். மகளைக் கட்டிய புதிது. மாமனார் உட்காராமல் தான் உட்கார மாட்டார். அவரும் சைக்கிள்காரர்தான், ஆனால் ஜெயிக்கிற ஜாதி.

சனிக்கிழமை பாதையைப் பார்த்துவர இருவரும் போனார்கள். மாப்பிள்ளை பிரேக்கைப் பிடித்துக்கொண்டே பின்னால் வந்தார். மேட்டிலும் பின்னால், இறக்கத்திலும் பின்னால். பிரேக் கீச்சுக் கீச்சென்று அழுதது.

"முன்னாடி போங்களேன் மாப்பிள்ளை."

"பரவாயில்லை மாமா. நீங்க போங்க."

"பிரேக் தேயுது."

"மாத்திக்கலாம் மாமா."

சாயங்காலம் விடுதியில் நால்வரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். மாமனாரின் மனைவி ரொட்டியைப் பிய்த்தபடி கேட்டார்: "ஜெயிக்கிறவர் வந்து தாண்டினா இவரை இறக்கிடுவாங்க, அப்படித்தானே?"

"ஆமா அத்தை," என்றார் மாப்பிள்ளை.

"நாளைக்கு ஜெயிக்கப்போறது யாரு?"

"இவர்தாம்மா," என்றாள் மகள், பெருமையாக. சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அப்ப மாமனாரை வெளியே அனுப்பத்தான் மாப்பிள்ளை இவ்வளவு தூரம் வந்திருக்கார்," என்றார் மனைவி.

மாப்பிள்ளைக்குப் புரை ஏறியது. தண்ணீர் குடித்துவிட்டு, "நான் கொஞ்சம் மெதுவா ஓட்டுறேன் மாமா," என்றார்.

"அந்தப் பேச்சே வேண்டாம். விட்டுக்கொடுத்து வாங்குற பதக்கம் எனக்கு எதுக்கு? உங்க ஓட்டத்தை நீங்க ஓட்டுங்க."

"நீ யாருக்குடி கைதட்டுவே?" என்று மனைவி மகளைக் கேட்டார்.

"ரெண்டு பேருக்கும். தனித்தனியா."

ஞாயிற்றுக்கிழமை காலை விசில் ஊதியதும் கூட்டம் தலைதெறிக்கப் பறந்தது. மாமனாருக்குப் புழுதி மட்டும் மிஞ்சியது. அவர் பதறவில்லை. புழுதி அடங்கியதும் தன் வேகத்தில் மிதித்தார். மேட்டில் பல்லைக் கடித்து ஏறினார். மர வேர்கள் முண்டும் முண்டுமாகக் கிடந்த இடத்தில் வெட்கப்படாமல் இறங்கி, சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார்.

மூன்றாவது சுற்று முடிவில் நடுவர் கொடியோடு நின்றிருந்தார். போன மூன்று வருடமும் இதே இடத்தில்தான் நீட்டினார். மாமனாரின் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை.

"போங்க சார்," என்றார். அவர் குரலிலேயே ஆச்சரியம் இருந்தது.

நான்காவது சுற்றில் மாமனாருக்கு நாக்கு தள்ளிவிட்டது. தொடை தன் தொடையாக இல்லை. இந்தச் சுற்றை யாரிடமும் பிடிபடாமல் முடித்துவிட்டால் போதும், முதல் ஆளின் பந்தயம் அதோடு முடிந்துவிடும், ஐந்தாவதைத் தடுக்க ஆள் கிடையாது. மேட்டு உச்சியில் வேலிக்கு அந்தப்பக்கம் மனைவி நின்றிருந்தார்.

"பின்னாடி வர்றார், பின்னாடி வர்றார். மிதிங்க."

பக்கத்தில் மகள் வேறு திசையைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தாள். அது தனக்கான கைதட்டல் இல்லை என்று அவருக்கு விளங்கியது.

இறக்கம் முடிந்ததும் வாய்க்கால் ஓரப் பாதை. ஒரு பக்கம் கற்சுவர், மறுபக்கம் நாணல். ஒரு சைக்கிள்தான் போகும். அதன் முடிவில் புல்வெளி, புல்வெளியின் முடிவில் கோடு. பின்னால் வருபவர் "வழி" என்று கத்தினால் முன்னால் போகிறவர் ஒதுங்க வேண்டும். அதுவும் விதி.

யாரும் கத்தவில்லை. கீச்சுக் கீச்சென்று ஒரு சத்தம் மட்டும் வந்தது.

"மாப்பிள்ளையா?" என்றார் மாமனார், திரும்பாமல்.

"ஆமா மாமா."

"எப்ப வந்தீங்க?"

"இப்பத்தான்."

அது பொய். வாய்க்காலுக்கு முன்னால் இருந்த பாலத்திலிருந்தே அந்தக் கீச்சுச் சத்தம் அவர் காதில் விழுந்துகொண்டிருந்தது.

"வழி கேக்க வேண்டியதுதானே?"

"உங்களைப் போய் எப்படி மாமா?"

மாமனார் சைக்கிளைச் சுவரோடு சாய்த்து ஒரு காலை ஊன்றினார். பதக்கம் போனால் போகட்டும், பெண் கொடுத்த இடம்.

"போங்க."

மாப்பிள்ளையும் ஒரு காலை ஊன்றினார். "நீங்க போங்க மாமா. இதோ கோடு தெரியுது."

"நீங்க ஜெயிக்கணும்."

"நீங்க முடிக்கணும்."

"சொன்னா கேளுங்க மாப்பிள்ளை."

"இந்த ஒரு தடவை நீங்க கேளுங்க மாமா."

பந்தயத்தில் முதல் ஆளும் கடைசி ஆளும் வாய்க்கால் ஓரத்தில் நின்று உபசரித்துக்கொண்டிருந்தார்கள். அப்போது வளைவில் இரண்டாவது ஆள் வந்தார். போன வருடம் ஜெயித்த கறிக்கடைக்காரர். ஆளும் பெரிசு, குரலும் பெரிசு.

"யோவ், இது என்ன கல்யாண மண்டபமா? வாசல்ல நின்னு வாங்க வாங்கன்னுட்டு?"

மாமனார் முன்னால் இருந்தார். ஒதுங்க இனி நேரமில்லை. பயம்தான் அவரை மிதிக்க வைத்தது. மாப்பிள்ளை பின்னால் தாவி ஏறினார். கறிக்கடைக்காரர் அவர் சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டு வாயில் வந்ததையெல்லாம் பேசிக்கொண்டு வந்தார்.

புல்வெளி விரிந்தது. மாப்பிள்ளை இடப்பக்கம் பாய்ந்தார், கறிக்கடைக்காரர் வலப்பக்கம் பாய்ந்தார். மாமனார் நடுவில் கண்ணை மூடிக்கொண்டு மிதித்தார். எப்போது கோட்டைத் தாண்டினார் என்று அவருக்கே தெரியாது. கண்ணைத் திறந்தபோது கோடு பின்னால் இருந்தது. அவர் சக்கரத்துக்கு அடுத்ததாக மாப்பிள்ளையின் சக்கரம், அதற்கு அரைச் சாண் தள்ளிக் கறிக்கடைக்காரருடையது.

ஒலிபெருக்கிக்காரருக்கு என்ன தெரியும்? முதலில் வந்த எண்ணைப் படித்து, வெற்றி வெற்றி என்று அலறினார். கூட்டம் மாமனாரைச் சூழ்ந்தது. முன்பின் தெரியாத ஒருவர் அவரைக் கட்டிப்பிடித்தார். தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். மறுக்க அவருக்கு மூச்சு இல்லை.

நடுவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கையில் கொடி இல்லை.

"சார், நீங்க ஏன் நின்னுட்டீங்க?"

"ஜெயிச்சுட்டாராமே," என்றார் கட்டிப்பிடித்தவர்.

"ஜெயிச்சது பின்னாடி வந்தவர். இவரை யாரும் தாண்டல. இவருக்கு இன்னும் ஒரு சுத்து பாக்கி இருக்கு."

"இன்னும் ஒண்ணா?" என்றார் மாமனார். அந்த நேரத்தில் அவருக்கு அது தண்டனை போலத்தான் கேட்டது.

"நீங்க ஆசைப்பட்டதுதானே," என்றார் மனைவி. "கிளம்புங்க. இவங்க கூடாரத்தைப் பிரிக்கிறதுக்குள்ள வந்துடுங்க."

மாப்பிள்ளை தன் சைக்கிளைத் திருப்பினார். "நானும் கூட வரட்டுமா மாமா?"

"வேண்டவே வேண்டாம். நீங்க வந்தா ரெண்டு பேரும் எங்கயாவது நின்னுக்கிட்டே இருப்போம்."

கறிக்கடைக்காரர் சிரித்துவிட்டார். கோபத்தை அப்படியே வைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு மாமனாரின் இருக்கையைப் பிடித்து ஒரு தள்ளு தள்ளினார். ஆட்டுத் தொடையைத் தூக்கிப் பழகிய கை. மாமனாருக்குப் பாதி மேடு வரை மிதிக்கத் தேவையிருக்கவில்லை.

ஐந்தாவது சுற்றில் அவரைத் தவிர யாரும் இல்லை. பின்னால் இரண்டு பேர் எல்லைக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே நடந்து வந்தார்கள். ஏற்றத்தில் அவர்கள் அவரை நெருங்கினார்கள்.

"சார், நாங்க தாண்டலாமா?" என்றார் ஒருவர்.

"தாண்டினா இறக்கிடுவாங்கய்யா. பொறுங்க."

அவர்கள் பொறுத்தார்கள். உச்சியில் அவர் மூச்சு வாங்க நின்றபோது அவர்களும் கயிற்றுச் சுருளைக் கீழே வைத்துவிட்டு நின்றார்கள். கீழே வாய்க்கால் மின்னியது. பரிசு மேடை சின்னதாகத் தெரிந்தது. மூன்று பேரும் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். பிறகு அவர் இறங்கினார்.

புல்வெளிக்கு வந்தபோது கூடாரம் பாதி பிரிந்திருந்தது. பரிசு கொடுத்துக்கொண்டிருந்தவர் பேச்சை நிறுத்தினார். மேடையில் மாப்பிள்ளை கோப்பையோடு நின்றபடியே கைதட்டப் பார்த்தார். முடியாமல் கோப்பையைக் கறிக்கடைக்காரரிடம் கொடுத்துவிட்டுத் தட்டினார். மகள் இந்த முறை தனக்குத்தான் தட்டுகிறாள் என்பதில் மாமனாருக்குச் சந்தேகம் இல்லை.

கோட்டைத் தாண்டினார். சைக்கிள் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம் புல்லில் சாய்ந்தார்.

நடுவர் பதக்கத்தை மனைவியிடம் கொடுத்தார். அவர் குனிந்து கணவர் கழுத்தில் போடப் பார்த்தார். நாடா ஹெல்மெட்டைத் தாண்ட மறுத்தது.

"ஹெல்மெட்டைக் கழட்டுங்க."

"கையைத் தூக்க முடியல."

"அப்ப பதக்கம்?"

"மேலேயே இருக்கட்டும்," என்றார் மாமனார்.

தகரம் ஹெல்மெட்டிலிருந்து நழுவி அவர் மூக்கின்மேல் தொங்கியது. அவர் அதைத் தள்ளவில்லை. ஒன்றரைக் கண்ணால் அதையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.