கயிறறுத்த கணவாய்

மெத்தென்ற கணவாய் மீன் கயிறு அறுக்குமா? உடப்புக் கரையில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சிரிக்கும். ஆனால் போர் நடந்த தொண்ணூற்றேழாம் ஆண்டு, கொழும்பில் நடந்த தேசிய கிராமியக் கலை விழாவில், ஒரு கணவாய் கயிறறுத்தது. அறுக்க வைத்தவர் வீரகத்தி.

வீரகத்தி கரைவலை இழுக்கும்போது அம்பாப் பாட்டு எடுத்துக் கொடுக்கிறவர். அவர் ஒரு வரி பாடுவார். கயிற்றில் நிற்பவர்கள் அதன் கடைசிச் சொல்லைப் பிடித்துத் திருப்பிப் பாடி இழுப்பார்கள். வாய்க்கு வந்ததெல்லாம் பாட்டுத்தான். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியின் வயிறும் வரும், திரௌபதை அம்மனும் வருவாள். ஒரு வரி மட்டும் எந்த நாளும் மாறாது.

கயிறறுத்த புலிச்சுறா – ஏலேலோ புலிச்சுறா.

அதைக் கட்டியவர் இராசையா, வீரகத்தியின் அக்கா பூமணியின் புருஷன். வலைக்கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடப் பார்த்த புலிச்சுறாவைக் கரையில் கிடத்திய அன்று அவர் வாயில் வந்த வரி. மூன்று வருஷத்துக்கு முன் கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. கடல் கொண்டதா, துவக்குக் குண்டு கொண்டதா என்று யாரும் சொல்லவில்லை. உடலும் இல்லை, ஒரு கடுதாசியும் இல்லை. அந்த மனிதனுடையது என்று மிச்சமிருந்தது அந்த வரிதான்.

விழாவுக்குக் கொழும்பு வரச்சொல்லிக் கடிதம் வந்த அன்று பூமணி கேட்டது ஒன்றே ஒன்று.

"தம்பி, ரீவியில நாடு முழுக்கப் பாக்குமாம். அவர்ட வரிய ஒருக்காப் பாடிப்போடு. இப்பிடி ஒரு மனிசன் இருந்தவர் எண்டு அதுலயாச்சும் இருக்கட்டும்."

"ஓம் அக்கா. அது பாடாம என்ன அம்பா?"

சொல்வது லேசு. வீரகத்தியோடு சேர்த்து எட்டுப் பேர், எட்டு அடையாள அட்டை, கிராம சேவகரின் கடிதம், பொலிஸ் கடிதம், ஒரு பெரிய சுருள் கயிறு. சிலாபத்திலிருந்து கொழும்பு வரை ஐந்து சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கிச் சோதித்தார்கள். ஐந்து இடத்திலும் அதே கேள்வி.

"கயிறு எதற்கு?"

"இழுக்க, மாத்தையா."

"எதை?"

மேடையில் எதை இழுப்பது என்று வீரகத்திக்கே அப்போது தெரியாது. பாட்டுக்குப் போகிறோம் என்று நல்ல சிங்களத்தில் ஐந்து முறை விளக்கினார். மூன்றாவது இடத்தில் நம்பாமல் பாடிக் காட்டச் சொன்னார்கள். வெயிலில் வரிசையாக நின்று பாடினார்கள். வரிசையில் கயிற்றுக்குப் பக்கத்தில் நின்ற பரமலிங்கம், "கொழும்புக்குப் போய்ச் சேரக்குள்ள பாட்டு முடிஞ்சிடும்" என்று முணுமுணுத்தான். யாருக்கும் சிரிக்கத் தெம்பில்லை.

விழாப் பந்தலில் ஓர் இளம் அதிகாரி பாட்டை எழுதித் தரச் சொன்னார். எழுதாத பாட்டை எப்படி எழுதுவது? அவர்கள் சொல்லச் சொல்ல ஒரு லிகிதர் சிங்களத்தில் தட்டச்சுச் செய்தார். தாளைப் படித்துக்கொண்டு போன அதிகாரி 'புலி' என்ற இடத்தில் நிறுத்தினார். கெட்ட மனிதர் அல்ல. அவருக்கும் நித்திரை இல்லாத கண்.

"ஐயா, நீங்கள் மீனைத்தான் சொல்கிறீர்கள். எனக்கு விளங்குகிறது. மேலே இருப்பவர்களுக்கு விளங்க வேண்டுமே. முன்வரிசையில் இராணுவ அதிகாரிகள் இருப்பார்கள். நீங்கள் எட்டுப் பேரும் வீட்டுக்குப் போகவேண்டும் அல்லவா? வேறொரு மீனைப் போடுங்கள்."

வீரகத்தி தன் ஆட்களைப் பார்த்தார். பரமலிங்கத்தின் தம்பியைப் போன மாதம்தான் இராணுவத்தார் பிடித்துக்கொண்டு போய், பதினொரு நாள் வைத்திருந்து விட்டிருந்தார்கள். அவனும் அந்த எட்டில் ஒருவன். தாளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"கணவாய்" என்றார் வீரகத்தி.

"அண்ணே, கணவாய் எங்க கயிறறுக்கிறது?" என்றான் பரமலிங்கம்.

"கொழும்புக் கணவாய் அறுக்கும். பேசாம இரு."

ஒத்திகையில் கணவாய் ஒழுங்காக வந்தது. கயிற்றின் மறுமுனை மேடைக்குப் பின்னால் சும்மா கிடந்தது. பாரமே இல்லாத கயிற்றைப் பாரம்போல் இழுத்து நடித்ததில், ஒரு முழு வலை இழுத்ததைவிடக் கை சலித்துப் போனது. பரமலிங்கத்துக்கு அது பொறுக்கவில்லை. ஆட்டத்துக்கு முன்னால் யாரிடமும் சொல்லாமல் போய், கயிற்று முனையைப் பந்தலின் இரும்புக் காலில் இறுக்கிக் கட்டிவிட்டு வந்தான்.

பிற்பகல் நான்கு மணிக்கு மேடை ஏறினார்கள். கயிற்றைப் பிடித்ததும் அது கையைத் திருப்பி இழுத்தது. வீரகத்திக்குத் திக்கென்றது. மற்றவர்களின் குதிக்கால்கள் தாமாகவே பலகையில் ஊன்றின. இப்போது பாடுவது வாய் அல்ல, உடம்பு என்று அவருக்கு விளங்கியபோது அந்த வரி வந்துவிட்டது.

"கயிறறுத்த கணவாயே" என்று எடுத்தார்.

"ஏலேலோ புலிச்சுறா" என்று ஏழு பேரும் இழுத்தார்கள்.

வேண்டுமென்று யாரும் பாடவில்லை. பாரம் வந்தால் அந்த இடத்தில் அந்தச் சொல்தான் வரும், இருபது வருஷப் பழக்கம். வீரகத்தி பாடிக்கொண்டே முன்வரிசையைப் பார்த்தார். ஒரு சீருடைக்காரர் குளிர்பானம் குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்து அம்மா விசிறிக்கொண்டிருந்தாள். பாட்டு முடிந்ததும் பலத்த கைதட்டல். அதிகாரி வந்து கையைப் பிடித்துக் குலுக்கி, "ஹரி லஸ்ஸனய்" என்று சிங்களத்தில் பாராட்டினார். வேறொன்றும் கேட்கவில்லை.

ஒருவருக்கும் ஒரு சொல்லும் கேட்டிருக்கவில்லை. கயிற்றைப் பார்த்தார்கள், தோள்களைப் பார்த்தார்கள், கைதட்டினார்கள். தப்பித்தோம் என்ற நிம்மதி பஸ் ஏறும் வரைதான் இருந்தது. அதன் பிறகு வீரகத்திக்கு எரிச்சல் வந்தது. இவ்வளவு பயந்ததற்கு ஒருத்தனாவது கேட்டிருக்கலாம்.

மறுநாள் மத்தியானம் ஊர் வந்து சேர்ந்தார்கள். பூமணி முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தாள். எப்படிச் சொல்வதென்று வழியெல்லாம் யோசித்து வந்த வீரகத்தி, முந்திக்கொண்டு கேட்டார்.

"ரீவியில பாத்தாயா அக்கா? கேட்டிச்சா?"

"எங்க கேக்கிறது? நீங்க தொடங்கின உடன ஒருத்தன் சிங்களத்துல கதைக்கத் தொடங்கினான். நீங்க இறங்குமட்டும் கதைச்சான். உங்கட வாய் மட்டும்தான் ஆடிச்சு."

வீரகத்திக்கு ஒரு கணம் மூச்சு வந்தது. பாடினேன் என்று சொல்லிவிடலாம். சொல்ல வாயெடுத்தார்.

"காத்தடிக்கிற நாளுல கரையில என்ன கேக்குது?" என்றாள் பூமணி, வலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "வாயப் பாத்துத்தானே பாட்டு எங்க நிக்குது, வலை எவ்வளவு கிட்ட வந்திட்டுது எண்டு கூடையத் தூக்குறம். இருபது வருசமாப் பாத்த வாய். புலிச்சுறா எண்டா ரெண்டு உதடும் ஒட்டிக் குவியோணும். ஏழு பேருக்கும் குவிஞ்சது. உனக்குக் குவியேல்ல. ஆவெண்டு கிடந்தது."

வீரகத்தி முற்றத்து மணலில் குந்தினார். அதிகாரியைப் பற்றி, பரமலிங்கத்தின் தம்பியைப் பற்றி, எட்டு அடையாள அட்டைகளைப் பற்றி எல்லாம் சொன்னார். பூமணி முழுவதையும் கேட்டாள். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"எட்டுப் பேரும் வந்து சேந்தீங்க. அது போதும்" என்றாள். பிறகு ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டு சொன்னாள்: "மத்தப் பாட்டெல்லாம் நீ எடு தம்பி. இனிமே கரையில அந்த ஒரு வரிய மட்டும் பரமலிங்கம் எடுக்கட்டும்."

"ஓம் அக்கா" என்றார் வீரகத்தி.