குவில்லிகனின் வீடு

லிமரிக் நகரத்தில் எங்கள் தெருவில், என் எதிர்வீட்டில் டிம்ப்னா ஹார்டிகன் தன் மகன் கோலமோடு குடியிருந்தாள். அவனுக்கு முப்பது வயது, பிறவியிலேயே பார்வை கிடையாது. வீடு ஃபின்டன் குவில்லிகனுடையது. நகராட்சி அதை அவரிடம் பத்து வருடக் குத்தகைக்கு எடுத்து, வீடில்லாத டிம்ப்னாவுக்குக் கொடுத்திருந்தது. கடை, தேவாலயம், ஆற்றங்கரை எல்லாவற்றுக்கும் கோலம் தனியாகவே போய்வருவான். மாடிப்படியில் மட்டும் அவனுக்காக நகராட்சி கைப்பிடிக் கம்பி போட்டிருந்தது.

குத்தகை முடிகிற வருடம், வீட்டை விற்கப்போவதாகச் சொல்லிவிட்டார் குவில்லிகன். நகராட்சியிலிருந்து மாலக்கி டூஹி வந்தான்.

"உங்களுக்கு மாவட்டத்து அந்தக் கோடியில ஒரு வீடு பாத்திருக்கோம்."

"அங்க அவனுக்கு ஒரு தெருகூடத் தெரியாதேப்பா."

"கத்துக்குவாரு. வேண்டாம்னா, வீடில்லாதவங்களத் தங்க வைக்கிற ஹோட்டல் அறைதான். அப்புறம், வீட்டை நாங்க குத்தகைக்கு எடுத்தப்போ எப்படி இருந்துச்சோ அப்படியே அவர்கிட்ட திருப்பிக் கொடுக்கணும். கம்பியக் கழட்ட நாளைக்கு ஆளு வரும்."

"நாங்க இன்னும் இங்கதானே இருக்கோம்!"

"சாவி கொடுக்கறதுக்குள்ள வேலை முடியணும்மா. நான் என்ன பண்றது?"

மறுநாளே கம்பி போனது. அந்த வாரமே படியில் உருண்டு மணிக்கட்டை உடைத்துக்கொண்டான் கோலம். சத்தம் கேட்டு நான் ஓடினேன். வீட்டைப் பார்க்க வந்திருந்த குவில்லிகன் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"நல்லவேளை, குத்தகை முடியறதுக்கு முன்னாடி விழுந்தான்," என்றார் என்னிடம். "அப்புறம் விழுந்திருந்தா கேஸு என் தலையில வந்திருக்கும்."

கட்டுப்போட்ட கையோடு கோலம் கிளம்பினான். புது ஊரில் அவன் வாசலைத் தாண்டவே இல்லை. லாரிகள் போகிற நெடுஞ்சாலை, நடைபாதையே கிடையாது என்று டிம்ப்னா ஃபோனில் சொல்லி அழுதாள்.

இலையுதிர் காலத்தில் எதிர்வீட்டுக்குச் சாமான் வண்டி வந்தது. குவில்லிகன் வீட்டை விற்கவில்லை. முன்னைவிடக் கூடுதல் வாடகைக்கு அதே நகராட்சிக்கே மறுபடியும் குத்தகைக்கு விட்டிருந்தார். மனசு கேட்காமல் டிம்ப்னாவுக்குச் சொன்னேன். மறுநாள் பஸ் பிடித்து வந்தவளோடு நகராட்சிக்கு நானும் போனேன்.

"அதே வீடு, தம்பி. எங்களுக்கே கொடுத்திருக்கலாமே?"

டூஹி கணினியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "உங்களுக்குத்தான் வீடு கொடுத்தாச்சே. வீடில்லாதவங்களுக்குத்தான் இது."

அங்கிருந்து நேராகப் போய்ப் பழைய வீட்டின் கதவைத் தட்டினாள் டிம்ப்னா. இடுப்பில் குழந்தையோடு ஓர் இளம்பெண் திறந்தாள். ரெண்டு வருடம் ஹோட்டலில் கிடந்துவிட்டு வந்தவள் என்று பிறகு தெரிந்தது.

"ஒருதடவ உள்ள வந்து பாத்துட்டுப் போறேம்மா. நாங்க இங்க இருந்தவங்க."

"இப்ப இது என் வீடு. உள்ள கால் வச்சே, போலீஸக் கூப்பிடுவேன்!"

கதவு சாத்தப்பட்டது. டிம்ப்னா என் சமையலறையில் வந்து உட்கார்ந்தாள். போட்டுக்கொடுத்த தேநீர் ஆறிப்போனது. அப்போது கோலம் ஃபோனில் கூப்பிட்டான். அவன் குரல் எனக்கும் கேட்டது.

"அம்மா, வீட்டுக்குத் திரும்பிப் போகலாம்னு சொன்னாங்களா?"

அவள் என்னைப் பார்த்தாள்.

"வீட்டை இடிச்சுட்டாங்கடா."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

அதற்குப்பிறகு அவன் கேட்கவே இல்லை.