குண்டன் நடந்த வீடு

இதில் ஒரு எழுத்துகூடக் கைச்சரக்கு இல்லை. இரண்டு கண்மேலும் சத்தியம். இடது கண்ணில் புரை விழுந்திருப்பதால் வலது கண்மேல் இன்னொரு தடவையும் சத்தியம்.

வேலை பார்த்த தையல் கம்பெனியை இழுத்து மூடிய பிறகு அவள் வீட்டிலேயே பிள்ளைகள் காப்பகம் ஆரம்பித்தாள். கூடத்து சோபாவைப் படுக்கையறைக்குள் தள்ளினாள். அதன்பிறகு அவள் புருஷன் சோபா ஏறிக் குதித்துத்தான் கட்டிலுக்குப் போக வேண்டியிருந்தது. பிளக் பாயின்ட்டுகளுக்கு டேப் ஒட்டினாள். மேசை முனைகளுக்குப் பழைய ரப்பர் செருப்பை வெட்டிக் கட்டினாள். எந்தப் பால்புட்டி யாருடையது என்று தெரிய ஆளுக்கொரு நிறத்தில் ரப்பர் பேண்ட் மாட்டினாள்.

புருஷன் கார் ஓட்டப் பழக்குகிற வாத்தியார். அடுத்தவர் ஓட்டுகிற வண்டியில் உயிரைப் பிடித்துக்கொண்டே காலம் தள்ளியதால், சாப்பிட உட்கார்ந்தாலும் அவர் வலது கால் தரையில் பிரேக் மிதித்துக்கொண்டேயிருக்கும்.

"பெத்தவங்களே சமாளிக்க முடியாம திணர்றாங்க. நீ போய் வாங்கி வச்சுக்குறேங்குற," என்றார்.

"நமக்குத்தான் ஒண்ணும் இல்லையே. வாடகைக்காவது இருக்கட்டும்."

வாத்தியாரின் கால் பிரேக்கைத் தேடியது.

சேர்ந்தவை இரண்டு: நர்ஸம்மாவின் மகள், பேங்க்கம்மாவின் மகன். மகனுக்குக் குண்டன் என்று அவளே பெயர் வைத்துக்கொண்டாள்.

இந்தத் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. பிள்ளை முதல் வார்த்தை பேசினாலும் முதல் அடி எடுத்து வைத்தாலும் காப்பகக்காரி அதைப் பார்க்கவில்லை. அதையே பிள்ளை வீட்டில் திரும்பச் செய்யும், அம்மா ஓடிவந்து சொல்வாள், "அப்படியா, எப்போ?" என்று இவள் வாயைப் பிளக்க வேண்டும். அந்தப் பிளப்பைக் கண்ணாடி முன்னால் நின்று பழகினாள். ஆரம்பத்தில் பல்வலிக்காரி மாதிரி இருந்தது. போகப்போகத் தேறிவிட்டாள்.

பிள்ளைகளையும் பழக்கினாள். மத்தியானம் சாப்பிட வருகிற வாத்தியாரோடு காய்கறி விலையைப் பற்றி வாதாடி ஜெயிக்கிற நர்ஸம்மா மகள், வாசல் மணி அடித்ததும் கட்டைவிரலை வாயில் வைத்துக்கொண்டு "ங்கா" என்பாள்.

"என்னைப் பாத்து ங்கான்னு சொன்னாக்கா," என்று மறுநாள் நர்ஸம்மா பூரித்துப்போவாள்.

"அப்படியா, எப்போ?"

குண்டன் நர்ஸம்மா மகளுக்கும் ஒரு படி மேல். ஒரு மத்தியானம், துணி மடித்துக்கொண்டிருந்தவளை நோக்கி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நடந்து வந்தான். வாரிக்கொள்ள அவள் கை எழுந்தது. சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இது எனக்கு இல்லடா. கொண்டுபோய் உங்க அம்மாகிட்ட காட்டு."

அவன் காட்டவில்லை. இவளுக்கென்றே வைத்துக்கொண்டான். பகலில் வாத்தியாரின் வீட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கூடத்தை அளப்பான். வாத்தியார் வீட்டில் வளர்கிற பிள்ளையாயிற்றே, சமையலறை வாசலில் கை காட்டிவிட்டுத்தான் திரும்புவான். சாயங்காலம் பேங்க்கம்மாவின் கைப்பை தெரிந்ததும் பாயில் மல்லாந்துவிடுவான்.

ஒருநாள் பேங்க்கம்மா கண் கலங்கினாள். "காலை ஊனவே மாட்டேங்குறான்க்கா. டாக்டர் அவசரப்படாதீங்கங்குறாரு. எனக்குத்தான் மனசு கேக்கல."

சொன்னால் சட்டம் போச்சு, பிழைப்பு போச்சு, குண்டனும் போய்விடுவான். சொல்லாவிட்டால் நடக்கிற பிள்ளைக்கு வைத்தியம் பார்ப்பார்கள்.

"அவன் நடக்குறாம்மா."

"எங்க?"

"இங்கதான். பகல்ல."

பேங்க்கம்மா கைப்பையை மெதுவாகக் கீழே வைத்தாள். "எங்க, நடக்கச் சொல்லுங்க பாப்போம்."

"கண்ணா, நான் சொல்லிட்டேன்டா. எந்திரி. பரவால்ல."

குண்டன் மூட்டை மாதிரிக் கிடந்தான். வாக்குத் தவறியவளைப் பார்க்கிற பார்வை ஒன்று பார்த்தான்.

"எங்க வீட்டுக்காரரைக் கேளுங்க. அவர் செருப்பைத்தான் போட்டுக்குவான்."

வாத்தியார் அப்போதுதான் வாசலில் வந்து நின்றார். மனைவியைப் பார்த்தார். பாயைப் பார்த்தார். வலது கால் தரையை அழுத்தியது.

"நான் பாக்கல," என்றார்.

"அக்கா, ராத்திரி ஒழுங்கா தூங்குறீங்களா?" என்று கேட்டாள் பேங்க்கம்மா. குரலில் கோபம் இல்லை, இருந்திருந்தால் தேவலை. குண்டனைத் தூக்கி இறுக்கிக்கொண்டாள். "நாளையிலேர்ந்து என் தங்கச்சி பாத்துக்குவா. உங்களுக்கும் ஓய்வு வேணுமில்ல."

பேச்சு எப்படியோ நர்ஸம்மா காதுக்கும் போனது. அவளுக்கும் ஒரு நாத்தனார் வந்து சேர்ந்தாள். பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று அழுத தெருவில், தங்கைகளுக்கும் நாத்தனார்களுக்கும் அந்த வாரம் பஞ்சமே இல்லை.

சோபா கூடத்துக்குத் திரும்பி வந்தது. வாத்தியார் குதிக்காமல் கட்டிலுக்குப் போனார்.

"ஏங்க, பாக்கலேன்னு ஏன் சொன்னீங்க?"

"உன் சட்டப்படிதான் சொன்னேன்."

அவள் கண்ணாடிப் பக்கம் போகவில்லை. பழக இனி எந்த முகமும் பாக்கி இல்லை. கூடத்து நடுவில் வாத்தியாரின் செருப்பு கிடந்தது, ஒன்று முன்னால், ஒன்று பின்னால், அடி எடுத்து வைத்தபடி. அதை நகர்த்த அவள் யாரையும் விடவில்லை. வாத்தியார் வெறுங்காலோடு சுற்றி வந்தார்.

அந்த வீட்டை விட்டுப் போனபோது குண்டனுக்கு வயது நாலு மாதம்.