சந்தேக பூத்

கிளிப்பம்மாவுக்கு அந்தப் பெயர் வந்ததே அவள் கண்டுபிடித்த வேலைமுறையால்தான். எம்.எல்.ஏ. அலுவலகத்தில் பதினான்கு வருடமாக மனு வாங்குகிறவள் அவள். மனு கைக்கு வந்ததும் முதலில் முகவரியைப் பார்ப்பாள். அந்த வீடு எந்த பூத்தில் வருகிறது, போன தேர்தலில் அங்கே நமக்கு எத்தனை ஓட்டு விழுந்தது என்று நோட்டைப் புரட்டுவாள். மனுவில் என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பதெல்லாம் அதற்கப்புறம்தான். நமக்கு ஓட்டே போடாத பூத் என்றால் சிவப்பு கிளிப். ஒரு நன்றிக் கடிதம் போகும், அதோடு சரி. அப்படியும் இப்படியுமாக ஊசலாடுகிற சந்தேக பூத் என்றால் மஞ்சள். அது அன்றைக்கே சாருடைய மேசைக்குப் போய்விடும். கண்ணை மூடிக்கொண்டு நமக்கே குத்துகிற பூத் என்றால் பச்சை கிளிப் குத்தி அலமாரிக்குள் வைத்துவிடுவாள்.

"அவங்க எங்கம்மா போயிடப் போறாங்க? நம்ம ஆளுங்க. புரிஞ்சுக்குவாங்க" என்பார் எம்.எல்.ஏ.

இந்த முறையால் இரண்டு தேர்தல் ஜெயித்தாயிற்று. மூன்றாவது வந்துகொண்டிருந்தது. 'எனது ஐந்து முன்னுரிமைகள்' என்று துண்டுப் பிரசுரம் தயாராகிக்கொண்டிருந்தது. வரியும் அரசாங்கமும் சுருங்க வேண்டும், பெரியவர்கள் காட்டிய வழி மாறக்கூடாது என்றெல்லாம் எழுதி, எல்லாவற்றுக்கும் மேலே 'குடும்பம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அதையும் டைப் அடித்தது கிளிப்பம்மாதான்.

அந்த வியாழக்கிழமை வரிசையில் நின்று மனு கொடுத்தவர்களில் அவளுடைய தங்கச்சியும் ஒருத்தி.

"இங்க எதுக்குடி வந்தே? வீட்டுக்கு வந்து கொடுத்தா ஆகாதா?"

"வீட்ல கொடுத்தா அது அக்கா தங்கச்சி பேச்சு. இங்க கொடுத்தாத்தான் மனு. சீல் குத்து முதல்ல."

"நீயா எழுதினே?"

"அவரு சொல்லச் சொல்ல நான் எழுதினேன். மேதகுவா மாண்புமிகுவான்னு அதுக்கே அரை மணி நேரம் சண்டை."

தங்கச்சி புருஷன் மில்லில் ஃபோர்மேனாக இருந்தவர். சிறுநீரகம் இரண்டும் போய் இரண்டு வருடமாகிறது. மில் குடியிருப்பு அரசு ஆஸ்பத்திரியில் திங்கள், புதன், வெள்ளி என்று வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். இரண்டு மாதமாகப் புதன்கிழமை இல்லை. மெஷின் இருக்கிறது, கட்டில் இருக்கிறது. டெக்னீஷியனை மட்டும் புதன்கிழமைகளில் பாலத்துக்கு அந்தப் பக்கம் புதிதாகத் திறந்த மையத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

"அங்கேயே கூட்டிட்டுப் போறேன்னு போய் நின்னேன். அந்தப் பகுதி முகவரி இருந்தாத்தான் சேர்ப்பாங்களாம். கடிதத்துல அப்படித்தான் இருக்காம். எந்தப் பாவி எழுதின கடிதமோ."

கிளிப்பம்மா சீலை மையில் அழுத்தினாள். "அவருக்கு எப்படி இருக்கு?"

"வியாழக்கிழமை வந்தா செருப்பு கால்ல ஏறாது. படுத்தா மூச்சு முட்டுதுன்னு உக்காந்தே தூங்கறாரு. இப்படியே விட்டா இருதயம் நின்னுடும், ஒரு மாசமோ ரெண்டு மாசமோங்கறாரு டாக்டர்." தங்கச்சி குரலைத் தாழ்த்தினாள். "தேர்தல் தேதி அறிவிச்சுட்டா எந்தக் கடிதமும் போகாதாமே?"

"யார் சொன்னா?"

"நல்லா இருக்கே, நீதான் போன தடவை சொன்னே."

அவள் போனபிறகு கிளிப்பம்மா பாலத்துக்கு அந்தப் பக்கத்து மையத்தின் கோப்பை எடுத்துப் பார்த்தாள். பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, ஞாபகம் இருந்தது. மஞ்சள் கிளிப் போட்டு மேசைக்கு அனுப்பிய மனு. அதன்மேல், டெக்னீஷியனை அங்கே அனுப்பச் சொல்லிச் சுகாதாரத் துறைக்குப் போன கடிதம் அவள் அடித்தது. "ஏதாவது எழுதி அனுப்பும்மா" என்றுதான் சார் சொல்லியிருந்தார். 'அப்பகுதி மக்களுக்கே முன்னுரிமை அளிக்கப்பட வேண்டும்' என்ற வரி, கடிதம் எடுப்பாக இருக்கட்டுமே என்று அவளாகச் சேர்த்தது.

தங்கச்சியின் மனுவுக்கு அவள் மஞ்சள் கிளிப் போட்டாள். பதினான்கு வருடத்தில் அவள் போட்ட முதல் பொய் கிளிப் அது.

எம்.எல்.ஏ. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். பூத் கணக்கெல்லாம் அவருக்கு விரல் நுனியில்.

"இது மில் குடியிருப்பாச்சே. இதுக்கு எப்படி மஞ்சள் வந்துச்சு?"

"என் தங்கச்சி மனு சார்."

"சரி. போன தடவை அங்க எவ்வளவு?"

"நூத்துக்கு எண்பத்தாறு."

"அதுக்கு முந்தி?"

"எண்பத்துநாலு."

"ஏறியிருக்கு பாரு! அப்புறம் எதுக்கு மஞ்சள்?"

"அவருக்குப் புதன்கிழமை வேணும் சார். இல்லேன்னா ஆள் தங்காது."

"பாலத்துக்கு அந்தப் பக்கம் நூத்திப் பதினொரு ஓட்டுல தப்பிச்சோம். அங்கேருந்து புதன்கிழமையை எடுத்தா என்னைத் தூக்கி ஆத்துல போட்டுடுவாங்க."

"அதை எடுக்க வேண்டாம். இன்னொரு டெக்னீஷியன் கேட்டு ஒரு வரி எழுதினாப் போதும்."

"அரசாங்கம் சுருங்கணும்னு மேடைக்கு மேடை தொண்டை கிழியக் கத்தறவன் நான். நானே புது வேலை கேட்டு எழுதினா எதிர்க்கட்சிக்காரன் அதை ஃபிரேம் போட்டு மாட்டிடுவான்." பிறகு அவர் குரல் இளகியது. "நான் என்ன அவருக்கு எதிரியாம்மா? தேர்தல் முடியட்டும். முதல் கையெழுத்து அதுதான்."

"அதுவரைக்கும் அவரு இருக்கணுமே சார்."

அவர் மனுவை இன்னொரு தடவை படித்தார். "அவரை யார் பாத்துக்கறாங்க? நர்ஸ் வெச்சிருக்காங்களா?"

"நர்ஸுக்கு எங்க போறது? அவதான். குளிப்பாட்டறது, தண்ணியை டம்ளர்ல அளந்து குடுக்கறது எல்லாம் அவதான்."

சாருடைய முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சி அவளுக்குத் தெரியும்.

"அரசாங்கத்தை எதிர்பார்க்காம தன் மனுஷனைத் தானே தாங்கற பொண்ணு! பிரசுரத்துக்கு இப்படி ஒரு குடும்பத்தைத்தான் ரெண்டு மாசமா தேடறேன். ஞாயித்துக்கிழமை காலையில வர்றோம்னு சொல்லிடு."

"சார், அவ எதிர்பார்த்துத்தான் மனு கொடுத்திருக்கா."

"அதைப் படத்துல போட வேண்டாம்" என்றார் அவர், சிரிக்காமல்.

ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி வீட்டை அலம்பிவிட்டிருந்தாள். எம்.எல்.ஏ. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஃபோர்மேனின் கையைப் பிடித்துக்கொண்டார். புகைப்படக்காரன் ஜன்னலைத் திறந்தான், மாத்திரை டப்பாவை நகர்த்தினான்.

"அம்மா, துண்டால அவர் நெத்தியைத் துடைங்க."

"வேர்க்கலையே தம்பி."

"வேர்த்த மாதிரி."

"மூச்சு வாங்கற மாதிரியும் நடிக்கணுமா?" என்றார் ஃபோர்மேன். "கொஞ்சம் பொறு, அது தானா வரும்."

எல்லோரும் சிரித்தார்கள். எம்.எல்.ஏ.தான் அதிகம் சிரித்தார். கிளம்பும்போது தங்கச்சியைப் பார்த்துக் கும்பிட்டார். "உங்களை மாதிரி குடும்பங்களாலதான் இந்த நாடு நிக்குது."

"ஐயா, அந்தப் புதன்கிழமை..."

"எல்லாம் என் மனசுல இருக்கும்மா."

கார் தெரு முனை திரும்பியதும் தங்கச்சி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "மனசுல இருக்குன்னாரு, கேட்டியா?"

"கேட்டேன். கையெழுத்து போடமாட்டாரு."

"வாயை வெக்காதே. படமெல்லாம் எடுத்துட்டுப் போறாரே!"

"அதனாலதான் போடமாட்டாரு. உக்காரு, ஒண்ணு சொல்றேன்." கிளிப்பம்மா சொன்னாள். சிவப்பு என்ன, மஞ்சள் என்ன, பச்சை மனுக்கள் அலமாரியில் எத்தனை அடி உயரம் இருக்கிறது, எல்லாம். "இந்தத் தெருவுலேருந்து வந்த ஒரு மனுகூட மேசைக்குப் போனதில்லை. நீங்க உறுதியான ஆளுங்க, அதான். இந்த வாரம் கட்சிப் பொம்பளைங்க யாருக்கு ஓட்டுன்னு கணக்கெடுக்க வருவாங்க. இன்னும் முடிவு பண்ணலேன்னு சொல்லு. பக்கத்துல பத்து வீட்டைச் சொல்ல வை. நீங்க சந்தேக பூத் ஆயிட்டா மறுநாளே கடிதம் போகும். நானே அடிக்கறேன்."

"பொய் சொல்லச் சொல்றே."

"ஆமா."

"என் மாமனார் காலத்துலேருந்து இந்த வீடு அந்தக் கட்சி. வாசல்ல நிக்கறவங்க முகத்தைப் பாத்து யோசிக்கணும்னு சொல்றதா? கைநீட்டி உதவி கேட்டுட்டு, மறுநாளே காலை வாரிவிட்டான்னு ஊர் பேசும்."

"ஊர் பேசட்டும்டி! அவரு மூச்சு விடணும்."

கட்டிலிலிருந்து ஃபோர்மேன் கேட்டார். "அக்கா, டெக்னீஷியனை அந்தப் பக்கம் அனுப்பின கடிதம் இருக்கே, அதுக்கு எந்த கிளிப்?"

"மஞ்சள்."

"டைப் அடிச்சது?"

கிளிப்பம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "நான்தான்."

"முகவரி வேணும்னு எழுதினது?"

"அதுவும் நான்தான்."

அவர் சிரிக்கப் போய் இருமினார். இருமல் நிற்கவில்லை. தங்கச்சி போய் முதுகைத் தடவினாள். துண்டால் நெற்றியைத் துடைத்தாள். திரும்பிப் பார்க்காமலே பேசினாள்.

"பதினாலு வருஷமா அங்க உக்காந்து எங்களை எண்ணிக்கிட்டா இருந்தே?"

"உங்களைன்னு இல்லடி..."

"எங்களைத்தான். போய்டு. இனிமே மனு கொடுக்கணும்னா வேற யார்கிட்டயாவது கொடுத்துக்கறேன்."

செவ்வாய்க்கிழமை கணக்கெடுக்கப் போனவர்கள் தாள்களைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். புதன்கிழமை தேர்தல் தேதி அறிவித்தார்கள். ஏழு வாரம் இருந்தது. இனி எந்தக் கடிதமும் போகாது. கிளிப்பம்மா மில் குடியிருப்புத் தாளை எடுத்தாள். தங்கச்சி வீட்டுக்கு நேரே இரண்டு ஓட்டும் 'உறுதி' என்று இருந்தது. தெருவில் ஒரு வீடுகூட யோசிக்கவில்லை. குறிப்பு என்ற கட்டத்தில் யாரோ அக்கறையாக எழுதியிருந்தார்கள்: வீட்டில் நோயாளி, நடக்க முடியாது.

எம்.எல்.ஏ. அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"தொண்ணூத்தொண்ணா! நான் சொல்லல, நம்ம ஆளுங்கன்னு?" விரலால் அந்தக் குறிப்பைத் தொட்டார். "இது உன் தங்கச்சி வீடுதானே? ஓட்டுப் போடற அன்னிக்கு அவருக்கு ஒரு வண்டி ஏற்பாடு பண்ணிடு. படுத்துக்கிட்டே வர்ற மாதிரி நல்ல வண்டியா. கூட ரெண்டு பேர் போகட்டும், தூக்கி இறக்க."

"எந்தப் பக்கத்து வண்டியை அனுப்பறது சார்?"

"பாலத்துக்கு அந்தப் பக்கத்துது வேண்டாம், அங்க தேவைப்படும். வேற எதையாவது பாரு."

கிளிப்பம்மா வண்டிப் பட்டியலை எடுத்தாள். தங்கச்சி வீட்டு முகவரியை எழுதினாள். ஏற்றி வர வேண்டியவர் பெயர் என்று இருந்த இடத்தில், ஏழு வாரம் கழித்து அந்தக் கட்டிலில் அவர் இருப்பாரோ மாட்டாரோ என்று பெயரை எழுதாமல், ஒரு ஆள் என்று மட்டும் எழுதினாள்.