கடைமடைத் தீவு

1

"சுத்திலும் கடலா இருக்கு, குடிக்கத் தண்ணி இல்லங்குதீக. கேக்குறவ கிறுக்கியா?"

"உப்புத் தண்ணியக் குடிக்க முடியுமாட்டி? நல்ல தண்ணிய நாங்கதான் படகுல—"

"எந் தம்பி குடிச்சானா, அதச் சொல்லுங்க!"

இந்தக் கதை எனக்கு வந்ததே இப்படித்தான், ரெண்டு குரலாக. எனக்கு எந்தக் கதையும் பேச்சாகத்தான் காதில் விழும். ஆளையும் இடத்தையும் பொறவு நான்தான் தேட வேண்டும். தேடினேன். 1946. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற, பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் பஸ். பட்டாளம் முடிந்து திரும்பிய சேத்தூர் அருளப்பன், அவன் மனைவி ஜெயக்கொடி. பட்டாளத்துக்குப் போன அவள் தம்பி சத்தியநேசன் திரும்பவில்லை, சேதியும் இல்லை. பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவள் அம்மா அன்னாள் கேட்பாள். அதற்குள் ஒரு பதில் வேண்டும்.

2

[முதலில் எழுதியது: 'வங்கக் கடலின் நீல அலைகள்...' அடித்துவிட்டேன். அருளப்பன் அலையைப் பற்றிப் பேசுகிற ஆளே இல்லை.]

பர்மா யுத்தம். அரக்கான் கரையோரம் வரிசையாகத் தீவுகள். பெரிய கப்பல் உள்ளே வந்தால் தரை தட்டும். அரிசி, குண்டு, குடிதண்ணீர், ஆள், அம்புட்டும் சின்னப் படகில்தான். ஒரு படகு அடுத்த தீவு வரைக்கும் போகும். அங்கே இறக்கியதை வேறொரு படகு எடுத்துப் போகும். முதல் தீவில் ஏற்றியவன் கடைசித் தீவைக் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் அங்கே உலை கொதித்தது.

"நம்ம கண்மாய் மாதிரிட்டி. ஒண்ணு நெறஞ்சு மறுகால் பாஞ்சா அடுத்தது பெருகும். கடல் மேலயே கண்மாய் வரிசை! இப்ப நெனச்சாலும் புல்லரிக்குது."

(எழுதும்போது எனக்கும். கடலை நான் ஒரே ஒரு தடவை... அது இங்கே வேண்டாம்.)

3

கண்மாய் என்றதும் ஜெயக்கொடி சட்டென்று திரும்பினாள். அவன் ஊர் மேல்மடை, அவள் பிறந்தது கடைமடை. மேல் கண்மாய் நிறைந்து வழிந்தால்தான் அவர்களுக்கு நாற்று.

"எந் தம்பி எந்தத் தீவுல?"

"கடைசியில."

"ஒங்க படகு?"

"அதுக்கு முந்துன தீவு வரைக்கும்."

"அங்கயும் தாகமா?"

"நாக்கு வறண்டு கெடந்தாங்க, பாவம்."

"தண்ணி யாருக்குன்னு உத்தரவு?"

"கடைசித் தீவுக்கு."

"மொதல்ல யாருக்கு ஊத்துனீக?"

"நின்ன எடம் நெறையாம அடுத்ததுக்கு எப்படிட்டி தெறக்க? ஊர் மொறை அதுதான? மிச்சத்த அனுப்புனேன்."

"மேமடைக்காரன் புத்தி!"

[இங்கே பேனாவை வைத்துவிட்டேன். இவன் அப்படிச் செய்வானா? செய்வான். இரக்கம் உள்ளவன், அதனாலேயே செய்வான்.]

4

நான் எழுதிப் பார்த்த ஒரு முடிவில், மிச்சத் தண்ணீரே போதுமாக இருந்தது. சத்தியநேசன் வேறெங்கோ குண்டு பட்டுச் செத்தான். இன்னொன்றில், போதவில்லை. மூன்றாவதில், தாடியும் மீசையுமாக அம்மா வீட்டு வாசலில்... (கிழித்துவிட்டேன்.)

எது நடந்ததென்று அருளப்பனுக்குத் தெரியாது. அந்தப் படகு வரிசையில் எவனுக்கும் ரெண்டு முனையும் தெரியாது. அம்புட்டுப் பெரிய காரியம் அப்படித்தான் நடந்திருக்கிறது. என் சுமையை நானும் இந்தக் கரையில் இறக்கிவிட்டேன். இனி உங்கள் படகு.

வீட்டு வாசலில் அன்னாள் செம்பு நிறையத் தண்ணீரோடு நின்றாள். ஜெயக்கொடி வாயைத் திறக்குமுன் அதை மருமகனிடம் நீட்டினாள்.

"மொதல்ல நீங்க குடிங்க மாப்ள. எம் மகனப் பத்திப் பொறவு கேக்கேன்."